காமன் கூத்து எடுக்க மெமரி காட்: 64 ரெண்டா, 128 ஒண்ணா?

கொழுந்துக்காடு, தலவாக்கலை:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். கேக்கப்போறது சின்ன விசயந்தான், ஆனா ஒரு கெழமையா மண்டைய கொடையுது. எங்க தோட்டத்துல வர்ற மாசியில காமன் கூத்து, அதான் சிவன் காமன எரிச்ச கதைய ஆடுறது, போடுறாங்க, நாலஞ்சு வருசமா நின்னு போயிருந்தத இந்தத் தடவ பொடியன்மாரெல்லாம் சேந்து எடுத்து நடத்துறாங்க, கம்பம் ஊண்டுற அன்னைக்கிலருந்து கடைசி ராத்திரி காமன எரிக்கிற வரைக்கும் நாந்தான் போட்டோ எடுக்கணும்னு தலைவர் சொல்லிட்டாரு. சம்பளமெல்லாம் கெடையாது, பிளேன்டீயும் ரொட்டியும்.

கமரா நிக்கோன் டி5600, டுபாய்ல இருக்க மாமா மகன் பாவிச்சுட்டுக் குடுத்தது. அதோட வந்த காட் 16 ஜிபி. இவ்வளவு நாளும் ஜேபெக்லதான் எடுத்தேன், மிச்சம் எத்தனைன்னு காட்டுற எடத்துல ஒண்ணு புள்ளி சொச்சம் 'கே'ன்னு நிக்கும், அது என்னான்னே தெரியாம இருந்தேன், பொறவுதான் ஆயிரம்னு வெளங்குச்சு. இப்ப ராத்திரி கூத்துக்கு ரோவுல, அதான் ஜேபெக் மாதிரி சுருக்காம கமரா கண்டத அப்படியே வைக்கிற முறையில, எடுன்னு கூட்டாளி ஒருத்தன் சொல்றான், மாத்திப் பாத்தா எண்ணிக்கை தொபுக்குன்னு விழுந்துட்டு. எங்க ரதி வேசம் கட்டுற அண்ணன் மூஞ்சில சாயம் பூசவே ரெண்டு மணித்தியாலம் எடுப்பாரு, அத எடுக்கவே இந்த 16 பத்தாது போல.

கையில இருக்க சல்லிக்கு 128 ஒண்ணு வாங்கலாம், இல்லாட்டி 64 ரெண்டு வாங்கலாம். வெல கிட்டத்தட்ட ஒண்ணுதான். எது சரி? டவுன்ல கடைக்காரர்கிட்ட கேட்டேன், "பெருசா எடுங்க தம்பி, பெருசுதான் நல்லது"ங்கிறாரு, அவரு குடை வாங்கப் போனாலும் அதத்தான் சொல்லுவாரு.


பழைய இருட்டறை, அட்டன்:

தம்பி, மொதல்ல ரோவுல எடுக்கச் சொன்ன கூட்டாளி சொன்னது சரி. கூத்துல ஒரு பக்கம் மஞ்ச பல்பு, ஒரு பக்கம் தீப்பந்தம், நடுவுல யாராவது ஃபோன் டோர்ச்ச அடிப்பாங்க, ஜேபெக்ல எடுத்தா ரதி மூஞ்சி ஆரஞ்சுப் பழமாட்டம் வரும், பொறவு என்னா செஞ்சாலும் திருத்த ஏலாது. ரோவுல எடுத்தா வீட்டுல ஒக்காந்து கலர சரி பண்ணிக்கலாம்.

இப்ப கணக்கு. உங்க கமரா 24 மெகாபிக்சல். ரோ படம் ஒண்ணு ஏறத்தாழ 25 எம்பி போகும், நல்ல தரத்து ஜேபெக் 10, 12. அப்ப 64 ஜிபி காட்ல ரோ மட்டும்னா ரெண்டாயிரத்துக்கு மேல புடிக்கும், ரோவும் ஜேபெக்கும் சேத்து எடுத்தா ஆயிரத்தி அறுநூறு எழுநூறு. கமரா முன்னுக்கே காட்டுற எண்ணிக்கை இதவிட குறைவாத்தான் இருக்கும், அது பயந்த கணக்கு, எடுக்க எடுக்க கூடிட்டே வரும், பயப்பட வேணாம். அதேபோல 64ன்னு வாங்குனது லெப்டொப்ல போட்டா 59 சொச்சம்னுதான் காட்டும், கடைக்காரர் ஏமாத்திட்டாருன்னு சண்டைக்குப் போயிறாதீங்க, கம்பனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024, 1024ஆ எண்ணுது, அவ்வளவுதான்.

என் வாக்கு 64 ரெண்டுக்கு. காரணம் சொல்றேன். நான் ஸ்டூடியோவுல சேந்தது ரோல் காலத்துல, ஒரு ரோலுக்கு 36 படம், கவனமா போட்டா 37. கலியாண வீட்டுக்கு அஞ்சு ரோல் கொண்டு போவோம், ஒண்ணு கழுவுறப்போ கெட்டுப் போனாலும் மத்த நாலு இருக்கும், யாரும் அடிக்க வரமாட்டாங்க. பொறவு டிஜிட்டல் வந்து பெரிய காட் வந்ததும் எனக்கும் சோம்பேறித்தனம் வந்துட்டு. ஒரு கலியாணத்துக்கு கோயில்ல தாலி கட்டுனதிலருந்து ஹோல்ல கேக் வெட்டுனது வரைக்கும் ஒரே காட். ராத்திரி ரீடர்ல போட்டேன், "ஃபோமட் பண்ணவா"ன்னு கேக்குது, எல்லாத்தையும் அழிக்கவான்னு அர்த்தம். கை காலெல்லாம் வெடவெடன்னு ஆயிட்டு. நல்ல வேள, 'வேணாம்'னு அமத்துனேன். பொறவு ஃபோட்டோரெக்னு ஒரு இலவச சொஃப்ட்வெயர் இருக்கு, அதப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டு பாதிக்கு மேல எடுத்தேன். தாலி கட்டுனது வந்துச்சு, அம்மி மிதிச்சது வரல. பொண்ணோட அம்மா இன்னைக்கும் டவுன்ல என்னயப் பாத்தா மத்தப் பக்கம் திரும்பிப் போவாங்க.

உங்க டி5600ல காட் போட ஒரு ஸ்லொட்டுதான். ரெண்டு ஸ்லொட் உள்ள கமரான்னா ரெண்டுலயும் ஒரே படத்த எழுத வைக்கலாம், உங்களுக்கு அந்த வசதி இல்ல. அதுனால முட்டையெல்லாம் ஒரே கூடையில வைக்காதீங்க.


கான் ஓரம், ஹப்புத்தளை:

அண்ணே சொல்றது ஹோல்ல லைட்டுக்குக் கீழ நின்னு எடுக்கிறவங்களுக்குச் சரி, நான் ஒத்துக்கிறேன். தோட்டத்துல ராத்திரி மூணு மணிக்கு, பனி கொட்டுற நேரம், வெரல் மரத்துப் போன கையோட அந்த நகத்தளவு காட்ட கழட்டி மாட்டிப் பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். எங்க பக்கத்துத் தோட்டத்துல தேர் எடுக்கப் போனேன், 32 ஜிபி நாலு கொண்டு போனேன், இதே முட்டைக் கதையத்தான் நானும் கேட்டிருந்தேன். மூணாவது காட் மாத்துறப்போ யாரோ பின்னாலருந்து இடிச்சாங்க, எடுத்து முடிச்ச காட் கையிலருந்து எகிறி தேயிலைக்கு நடுவுல கானுக்குள்ள போயிட்டு. கறுப்புக் காட், கறுப்பு ராத்திரி, கான்ல தண்ணி ஓடுது. மறுநாள் காலைல கொழுந்தெடுக்க வந்த அக்காமார் எல்லாரும் சேந்து தேடுனாங்க, ஒரு பழைய அஞ்சு ரூபா குத்திதான் கெடச்சுச்சு.

என் அனுபவத்துல காட் தானா கெட்டது ஒரு தடவகூட இல்ல, நான் தொலைச்சது ரெண்டு தடவ. அதுனால 128 ஒண்ணு போட்டு மூடிட்டு விடியற வரைக்கும் அந்தக் கதவத் தொறக்காம இருக்கிறதுதான் பாதுகாப்புங்கிறது என் கட்சி.

வீடியோவும் எடுப்பீங்களா தம்பி? அத நீங்க சொல்லல. எடுத்தா கணக்கே வேற. உங்க கமராவுல 4கே வீடியோ இல்ல, ஃபுல் எச்டிதான், அது செக்கனுக்கு 24 மெகாபிட்டுல எடுத்தா, எட்டு மெகாபிட் ஒரு எம்பி, ஒரு செக்கனுக்கு 3 எம்பி, ஒரு மணித்தியாலத்துக்கு 11 ஜிபி பக்கம். நான் பாவிக்கிற கமராவுல 4கே, 100 மெகாபிட், நிமிசத்துக்கு 750 எம்பி, 64 ஜிபி ஒன்றரை மணித்தியாலம்கூட தாங்காது, அதுனாலதான் நான் 256 வச்சிருக்கேன், பவுசுக்கு இல்ல.


பழைய இருட்டறை, அட்டன்:

கானுக்குள்ள போனது காட்டோட பிழையில்ல தம்பி, கூட்டத்துக்கு நடுவுல நின்னு மாத்துன உங்க பிழை :)

ஆனா ஒண்ணு, தானா கெட்டது ஒரு தடவகூட இல்லன்னு சொல்லிட்டு இருக்கிறவங்களுக்குத்தான் அது வந்து சேரும். வரக்கூடாதுன்னு கும்பிட்டுக்கிறேன்.


ஆறுமணிக்குருவி, நுவரெலியா:

ரெண்டு பேரும் சண்டை புடிக்கிறதப் பாத்தா எங்க ஸ்டாஃப் ரூம் மாதிரி இருக்கு. நான் படிப்பிச்சு முடிச்சு லீவு நாள்ல குருவி படம் எடுக்கிற ஆளு, விக்டோரியா பார்க்ல குளிர் காலத்துல காஷ்மீர்லருந்து வர்ற ஈபிடிப்பானும் ஆறுமணிக் குருவியும் பாக்கலாம், அதுக்காக விடியக் காத்தால ஊத்தைக் கான் பக்கமெல்லாம் குந்திட்டு இருப்பேன். உங்க டி5600தான் என்கிட்டயும் இருந்துச்சு, அதுனால சொல்றேன்.

தம்பி, ரெண்டு பேருமே பெட்டரிய மறந்துட்டாங்க. அந்தக் கமரா பெட்டரி ஒரு சார்ஜுக்கு 970 படம்னு கம்பனிக் கணக்கு. அது நல்ல சூட்டுல, புது பெட்டரிக்கு. பெப்ரவரி பனியில, கொழுந்தே கருகுற குளிர்ல, அடிக்கடி பின்னால திரைய போட்டுப் பாத்துட்டு இருந்தா அந்த எண்ணிக்கையெல்லாம் வராது, பழைய பெட்டரின்னா கேக்கவே வேணாம். அப்ப எந்தக் காட் போட்டாலும் நடுராத்திரியில ஒரு தடவ நீங்க நின்னுதான் ஆகணும், கமராவத் தொறந்துதான் ஆகணும். அந்த நேரத்துலயே காட்டையும் மாத்திருங்க. 970 படம் ரோவும் ஜேபெக்கும் சேத்து எடுத்தாக்கூட 36 ஜிபி பக்கந்தான் வரும், 32 பத்தாது, 64ல நல்லா அடங்கும், வீடியோ கொஞ்சம் எடுத்தாலும் எடம் இருக்கும். பெட்டரி ஒண்ணு, காட் ஒண்ணு, சோடி சோடியா. நான் அப்படித்தான் வச்சிருக்கேன், ரெண்டுக்கும் ஒரே கலர் நெய்ல்பொலிஷ்ல ஒரு பொட்டு.

மாத்துறது கூட்டத்துக்கு நடுவுல வேணாம், கான் ஓரம் தம்பி பட்ட பாடு போதும். கோயில் உள்ளுக்குப் போங்க, இல்லாட்டி டீ ஊத்துற எடத்துக்குப் போங்க, மேசையில ஒரு வெள்ளைத் துவாய விரிச்சுட்டு அதுக்கு மேல வச்சு மாத்துங்க, விழுந்தாலும் வெள்ளையில தெரியும். எடுத்து முடிச்ச காட்ட டப்பாவுல முகம் குப்புற வைங்க, புதுசு நிமிந்து இருக்கட்டும். ராத்திரி மூணு மணிக்கு எது நெறஞ்சது எது காலின்னு மூளைக்கு வெளங்காது, நான் நெறஞ்சத திரும்பப் போட்டு ஃபோமட் அமத்துற வரைக்கும் போயிருக்கேன்.

வேகத்தப் பத்தி யாரும் சொல்லல. காட்ல 'யூ' எழுத்துக்குள்ள 3ன்னு போட்டிருந்தா, இல்லாட்டி வி30ன்னு இருந்தா செக்கனுக்கு கொறஞ்சது 30 எம்பி விடாம எழுதும்னு அர்த்தம், அது உங்களுக்குத் தாராளம். யூஎச்எஸ் 2ன்னு பின்னால ரெண்டு வரிசை பித்தளைப் பல்லு உள்ள காட்டுக்கு சல்லிய கொட்டாதீங்க, வேலை செய்யும், ஆனா உங்க கமராவுக்கு அந்த ரெண்டாவது வரிசைய வாசிக்கத் தெரியாது. காமன் எரியிற நேரம் சடசடன்னு அமத்தத்தான் தோணும், செக்கனுக்கு 5 படம் எடுக்கும், 5 தர 25, 125 எம்பி, உங்க கமராவுக்குத் தெரிஞ்ச ஒத்த வரிசை, யூஎச்எஸ் 1 பாதையில செக்கனுக்குப் போகக்கூடியதே 104 எம்பிதான், அதுனால எவ்வளவு பெரிய காட் போட்டாலும் கொஞ்ச நேரத்துல கமரா மூச்சு வாங்கும். ரெண்டு மூணா அமத்திட்டு விடுங்க, விட்டு விட்டு எடுங்க.


கொழுந்துக்காடு, தலவாக்கலை:

அக்கா நீங்க சொன்னதக் கேட்டுட்டு பெட்டரிய பாத்தேன், சார்ஜ் பண்ணி முன்னூத்தம்பது படத்துலயே பாதிக்குக் கீழ வந்துட்டு, அப்ப இது பழசுதான் போல. வீடியோ எடுக்கமாட்டேன் அண்ணே, அதுக்கு எங்க தங்கச்சி ஃபோன் வச்சு நிப்பா.

இன்னொண்ணு. கொழும்புல வேலை செய்ற கூட்டாளி ஒருத்தன் நேத்து கோல் எடுத்தான், ரோட்டோரத்துல 256 ஜிபி காட் ஒண்ணு 64 வெலைக்கே குடுக்கிறாங்களாம், ரெண்டு எடுத்துட்டு வரவான்னு கேக்கிறான். எடுக்கச் சொல்லவா?


கான் ஓரம், ஹப்புத்தளை:

வேணாம் வேணாம் வேணாம்.

மேல தானா கெட்டதே இல்லன்னு எழுதிட்டேன், வாங்குறப்பவே கெட்டது ஒண்ணு இருந்துச்சு, அத வெக்கத்துல சொல்லல. நானும் அப்படி ஒண்ணு வாங்குனேன், எங்கன்னு சொல்லல. கமராவுல போட்டா 256 காட்டுது, லெப்டொப்ல போட்டாலும் காட்டுது. உள்ளுக்க உண்மையா இருந்தது 16. அதுல எவனோ பொய் சொல்ல வச்சிருக்கான். 16 நெறையிற வரைக்கும் அருமையா எழுதும், அதுக்குப் பொறவும் எழுதுற மாதிரியே இருக்கும், எண்ணிக்கை கொறையும், படத்தோட பேரெல்லாம் வரிசையா நிக்கும், தொறந்தா பாதிப் படம் சாம்பல் கலர், மீதி தொறக்கவே தொறக்காது. ஃபோட்டோரெக் போட்டாலும் வராது, ஏன்னா எழுதவே இல்ல. எங்க சித்தப்பா மக சடங்கு வீட்டுல மஞ்சத் தண்ணி ஊத்துறது வரைக்கும் இருக்கு, அதுக்குப் பொறவு சாம்பல்.

நல்ல கடையில பில்லோட வாங்குனாலும் சோதிச்சுப் பாருங்க. எச்2டெஸ்ட்டபிள்யூன்னு விண்டோஸ்ல ஓடுற ஒரு குட்டி சொஃப்ட்வெயர், இன்ஸ்டோல் பண்ணவே தேவையில்ல, காட்ட முழுக்க எழுதி நெறப்பிட்டு திரும்ப வாசிச்சுப் பாக்கும். லினக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு எஃப்3. 64 ஜிபிக்கு ஒரு மணித்தியாலம் ஒன்றரை மணித்தியாலம் போகும், பழைய ரீடர்னா அதுக்கும் மேல, அரிசி வேகுறதுக்கு முந்தி போட்டுட்டா பொங்கித் தின்னு முடிக்கிறப்போ முடிவு வந்துரும். காட்ல ஏதும் படம் இருந்தா மொதல்ல வெளிய எடுத்துட்டுச் செய்ங்க.

அப்புறம் அக்கா சொன்ன பெட்டரிக் கணக்குக்கு நான் அடங்குறேன். 64 ரெண்டே எடுங்க. துவாய மறக்காதீங்க.


மூணாம் டிவிசன், பதுளை:

இடையில வந்ததுக்கு மன்னிக்கணும், என்கிட்ட கெனன் 450டி, பழசு, அதுல 64 போட்டா வேலை செய்யுமா? போடுறப்போ காட் பிழைன்னு சொல்லுது.


பழைய இருட்டறை, அட்டன்:

செய்யாது. அது எஸ்டிஎச்சி காலத்துக் கமரா, 32 வரைக்குந்தான். 32க்கு மேல உள்ளதெல்லாம் எஸ்டிஎக்ஸ்சி, எக்ஸ்ஃபேட் முறையில எழுதுறது, அது உங்க கமராவுக்குத் தெரியாத பாசை. 16 இல்லாட்டி 32 வாங்குங்க, 12 மெகாபிக்சல் கமராவுக்கு அதுவே எக்கச்சக்கம். பழைய கமரா வாங்குறவங்க இத மொதல்ல பாத்துக்கணும், பெரிய காட்ட வாங்கிட்டு வந்து கமரா பழுதுன்னு எங்க கடைக்கு வந்தவங்க நெறைய பேர்.

தலவாக்கலைத் தம்பிக்கு இன்னும் ரெண்டு. ஒண்ணு, காலைல வீட்டுக்கு வந்ததும் தூங்காம படத்த லெப்டொப்ல கொப்பி பண்ணிருங்க, வேற ஒரு எடத்துலயும் ஒரு கொப்பி. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் ஆன காலத்துல நான் கலியாணக் காட்டுகள சட்டைப் பையில வச்சிட்டு ரெண்டு நாள் திரிஞ்சேன், சட்டைய தோய்க்கப் போட்டுட்டாங்க வீட்டுல. காட்டுக்கு ஒண்ணும் ஆகல, எனக்குத்தான் நெஞ்சு நின்னுட்டு. ரெண்டாவது, காட் ஓரத்துல ஒரு குட்டி லொக் தட்டு இருக்குமே, பழகப் பழக அது கழண்டு விழும், விழுந்தா கமரா காட் லொக் ஆயிருக்குன்னு சொல்லி எடுக்க விடாது. பயப்படாதீங்க, அந்த வெட்டு உள்ள எடத்துல சின்னதா டேப் ஒட்டுனா தொறந்துரும். ஒரு துண்டு டேப்ப கமரா பேக்ல ஒட்டி வச்சுக்கங்க.


கொழுந்துக்காடு, தலவாக்கலை:

எல்லாரும் மன்னிக்கணும், பதில் போட மாசி முடிஞ்சிட்டு.

64 ரெண்டு எடுத்தேன், அட்டன்ல பில்லோட. பெட்டரியும் ஒண்ணு கூட எடுத்தேன். ரெண்டு காட்டையும் எச்2டெஸ்ட் போட்டேன், என் லெப்டொப் கெழடு, ஒண்ணுக்கு ரெண்டு மணித்தியாலம் போச்சு, அம்மா "அது என்னாடா பொழுதன்னைக்கும் காட்ட வேக வச்சிட்டிருக்க"ன்னு கேட்டாங்க. ரெண்டும் பிழையில்லன்னு வந்துச்சு.

கம்பம் ஊண்டுன அன்னைக்கு நூறு படங்கூட எடுக்கல, மழை. கடைசி ராத்திரிதான் வேலை. ரதி அண்ணன் சாயம் பூசுறதுலயே இருநூறு போச்சு, அவரு கண்ணாடியப் பாத்து ஒரு கண்ணுக்கு மையெழுதிட்டு மத்தக் கண்ணு வெறுமையா இருக்கிற படம் ஒண்ணு இருக்கு, பாதி ஆம்பள பாதி ரதி, அதுதான் எனக்குப் புடிச்சது. ஒரு மணிக்கு தூதன் ஓலை கொண்டுட்டு வர்ற நேரம் பெட்டரி சிவப்பு. அக்கா சொன்னபடி டீ ஊத்துற எடத்துக்குப் போனேன், துவாய் கொண்டு போக மறந்துட்டேன், ரொட்டி மூடி வச்சிருந்த வெள்ளைத் துணியக் கேட்டேன், குடுத்தாங்க. பெட்டரி, காட் ரெண்டும் மாத்துனேன். அந்தப் பக்கம் தப்பு அடிக்கிற சத்தம் கேக்குது, இந்தப் பக்கம் என் கை நடுங்குது. மாத்திட்டு ஓடி வர்றப்போ தூதன் ஆடி முடிச்சிட்டாரு. பரவாயில்ல, எமன் வர்றதும் வீரபத்திரன் வர்றதும் முழுசா கெடச்சுச்சு. எரிக்கிறப்போ விட்டு விட்டுத்தான் அமத்துனேன், கடைசியில ஆவல்ல ஒரு தடவ விடாம அமத்தி கமரா திக்குன்னு நின்னுட்டு, சரியா அந்த நேரந்தான் தீ மேல ஏறுச்சு. போகட்டும்.

மொத்தம் 1140 படம். மொதல் காட்ல பாதிக்கு மேல எடம் மிச்சம், ரெண்டாவது அதவிடக் காலி. கான் ஓரம் அண்ணே, ஒண்ணும் கான்ல விழல. ரொட்டித் துணியில எண்ணெய் இருந்துச்சு, காட்ல கொஞ்சம் பட்டுட்டு, காஞ்ச துணியால தொடச்சேன், வாசிக்குது.

இப்ப வேற பிரச்சினை. வேசம் கட்டுன ஆளுக, தப்படிச்ச ஆளுக, சும்மா நின்னு பாத்த ஆளுகன்னு எல்லாரும் ஃபோன தூக்கிட்டு எங்க லயத்து வாசல்ல நிக்கிறாங்க, எமன் வேசம் கட்டுன தாத்தாகிட்ட பட்டன் ஃபோன்தான் இருக்கு, அவருக்கு பிரேம் போட்டு வேணுமாம். 1140 படத்துல எத எப்புடி யாருக்கு அனுப்புறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.